ஏழு மொட்டைக் கடிதங்கள்

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் அதிகாரி தடித்த கோப்பு ஒன்றை மேஜைமேல் போட்ட வேகத்தில் அவருடைய டீ கிளாஸ் ஒரு முறை துள்ளி அடங்கியது.

“எட்டு வருஷம், மேடம். நான் இந்தச் சீட்டுக்கு வந்தப்ப என் தலையில முடி அடர்த்தி, இந்தக் கோப்பு ஒல்லி. இப்ப ரெண்டும் இடம் மாறிடுச்சு.”

“முடியாவது கொட்டுச்சு சார். உங்க கம்பெனி ஒரு சல்லிக்காசு கொட்டலையே” என்றான் மட்கார்டு.

அதிகாரி சிரித்தார். கோபம் வந்தால்தான் அவர் சிரிப்பார் என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முத்திரையம்மா இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோப்பில் குத்தியிருந்த உறைகளை மூக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்திய கை. வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பழைய சகாக்கள் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உதவியாளனுக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மேடம்மேல் தெறிக்க வேண்டிய சேற்றையெல்லாம் முன்னால் நின்று வாங்கிக்கொண்டதில் அவன் மட்கார்டு ஆகிவிட்டான்.

“ஏழு கடிதம்” என்றார் முத்திரையம்மா. “ஏழும் ஒரே கை.”

“ஏழும் ஒரே கை, ஏழும் வேற வேற பொய்” என்றார் அதிகாரி. விரல் விட்டு எண்ணினார். “பிரேக் பிடிக்காத வண்டின்னு ஒண்ணு. ஓட்டினவர் தூங்கிட்டார்னு ஒண்ணு. குடிச்சிருந்தார்னு ஒண்ணு. வேணும்னே பாலத்துச் சுவத்துல மோதினார்னு ஒண்ணு. ஒவ்வொண்ணையும் நாங்க விசாரிக்கணுமில்ல? சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“விசாரிச்சு?”

“எல்லாம் பொய்னு தெரிஞ்சுது. தெரிய ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருஷம் ஆச்சு. எங்களுக்கு அவசரம் இல்லையே.”

விவரம் எளிமையானதுதான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர், வேலை நேரத்துக்கு வெளியே, மனைவி பெயரில் இருந்த சொந்தக் காரில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினார். பக்கத்தில் இருந்தது அவரிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஊர்க்காரர்கள் ஓடி வருவதற்குள் போய்விட்டாள், பிறகு எங்கே போனாளோ. வண்டிக்கு வெளியே தூக்கி எறியப்பட்டுக் கிடந்த மாஸ்டருக்கு முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. மனைவி கோரிக்கை போட்டாள். கம்பெனி ஒப்புக்கொள்ளப் போகும்போதெல்லாம் ஒரு மொட்டைக் கடிதம் வரும். கோப்பு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகும்.

“முதல் கடிதத்துல என்ன இருந்துச்சு?” என்று கேட்டார் முத்திரையம்மா.

“அதுதான் கொஞ்சம் பயமுறுத்தினது. ‘ஓட்டினது மாஸ்டர் இல்லை, லைசென்ஸ் இல்லாத அந்தப் பெண்’னு எழுதியிருந்துச்சு. அப்படின்னா நாங்க ஒண்ணுமே குடுக்க வேண்டாம். சந்தோஷமா விசாரிச்சோம்.” அதிகாரி பெருமூச்சு விட்டார். “சர்வேயர் எடுத்த போட்டோ கெடுத்துடுச்சு. டிரைவர் சீட் கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருக்கு. மாஸ்டர் ஆறடிக்கு மேல. அந்தப் பொண்ணு குள்ளம்னு டிரைவிங் ஸ்கூல்ல சொன்னாங்க. அந்த சீட்டுல உக்காந்தா அவ காலு பெடலைத் தொடாது.”

முத்திரையம்மா தலையாட்டினார். போட்டோவைப் பார்த்தார். புரட்டினார்.

“இது என்ன, தபால் பெட்டி எண் நாற்பது? உறைமேல கம்பெனி பேரே இல்லையே?”

“புகாருக்குன்னே வச்சிருக்கற பெட்டி. பேரில்லாம எழுதறவங்க கூச்சப்படக் கூடாதுன்னு.”

“ரொம்ப நாகரிகம் சார்” என்றான் மட்கார்டு. “திருடன் வர்றதுக்கு வசதியா தனி வாசல்.”

அதிகாரி மறுபடி சிரித்தார். “உங்க கட்சிக்காரம்மாகிட்ட சொல்லுங்க. ஏழாவது கடிதம் போன மாசம்தான் வந்திருக்கு. இன்னும் ஒரு வருஷம். எட்டு வருஷம் பொறுத்தவங்க, ஒன்பதாவது என்ன, கசக்கவா போகுது?”

முத்திரையம்மா நகல்களை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, கட்சிக்காரியான மாஸ்டரின் மனைவிக்கு அவள் வேலை செய்யும் கடைக்குத் தொலைபேசினார். கேட்டது ஒரே கேள்வி.

“உங்க வீட்டுக்கு வர்ற தபாலை மேல எடுத்துட்டு வர்றது யாரு?”

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக ஒரு மணி நேரத்தில் அவர் வருத்தப்படப் போகிறார்.

*

மட்கார்டு வண்டியை ஓட்டினான். முத்திரையம்மா மடியில் ஏழு நகல்களையும் விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தார்.

“கம்பெனி ‘பணம் தரத் தயார்’னு அந்தம்மாவுக்குக் கடிதம் அனுப்பின தேதியையும், மொட்டைக் கடிதத்தோட முத்திரைத் தேதியையும் பாரு. நாலு நாள். அஞ்சு நாள். நாலு நாள்.”

“கம்பெனிக்குள்ள இருக்கறவன் எவனோ காட்டிக் குடுக்கறான் மேடம். அந்தச் சிரிப்பு சாரே இருக்கலாம்.”

“நாலாவது தடவை என்ன ஆச்சு தெரியுமா? டைப் அடிச்சவங்க கதவு எண்ணை மாத்திப் போட்டுட்டாங்க. எழுபத்தொண்ணு, பதினேழு ஆயிடுச்சு. அந்தக் கடிதம் தெருவெல்லாம் சுத்தி, திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, நாற்பது நாள் கழிச்சு வீட்டுக்குப் போச்சு.”

“சரி.”

“மொட்டைக் கடிதமும் நாற்பத்து நாலாம் நாள்தான் வந்திருக்கு.”

மட்கார்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தான். “அப்ப கம்பெனிக்காரன் இல்ல. அவனுக்கு அனுப்பின அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இவன் அந்த வீட்டு வாசல்ல நின்னு படிச்சிருக்கான்.”

“வாசலோ, உள்ளயோ. அப்புறம் முத்திரை. ஏழும் ரயில் நிலையத்துத் தபால் பெட்டி. ஏழும் காலை ஒன்பது மணிக்கு எடுத்த தபால். அந்த வீட்டுல காலையில ரயில் நிலையத்துப் பக்கம் போறது யாரு?”

அவன் யோசித்தான். யோசித்ததும் அவனுக்குப் பிடிக்கவில்லை. “அந்தம்மாதான். ரயில் ஏறித்தானே கண்ணாடிக் கடைக்குப் போறாங்க. மேடம், தனக்கு வர்ற பணத்தைத் தானே நிறுத்துவாங்களா? நம்மளக் கூப்பிட்டதே அவங்கதானே?”

“அதான் எனக்கும் உதைக்குது.”

அந்த அம்மாள் முதல் நாள் வந்தபோது சொன்னதை இரண்டு பேரும் மறக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துபவள். நாற்பத்தைந்து வயது. பேச்சில் ஒரு சொல்கூட வீண் கிடையாது. “விபத்துக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தப் பொண்ணு விஷயம் எனக்குத் தெரிஞ்சுது. துணி எடுத்து வச்சுட்டேன். அன்னிக்குச் சாயந்தரம் கிளம்பறதா இருந்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. படுத்துக் கிடக்கறவரை விட்டுட்டுப் போக மனசு வரல. கிளெய்ம் முடியட்டும், அதுல உங்களப் பாத்துக்க ஒரு ஆளைப் போட்டுட்டுப் போறேன்னு அவர்கிட்டயே சொன்னேன். அவர்கிட்ட நேரா கடைசியாப் பேசினது அதுதான். எட்டு வருஷமா நாள்காட்டியக் கிழிச்சுட்டு உக்காந்திருக்கேன். எழுதறவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“இன்னொண்ணு” என்றார் முத்திரையம்மா. “எழுத்தைப் பாரு. கையெழுத்து தெரியக் கூடாதுன்னு தனித்தனியா எழுதியிருக்கான். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல அளந்து வச்ச மாதிரி ஒரே இடைவெளி.”

“கட்டம் போட்ட நோட்டுல எழுதிப் பழகினவன் போல.”

முத்திரையம்மா நகல்களை மெதுவாக அடுக்கினார். பிடித்த பதில் கிடைத்தால் அவர் பேச மாட்டார்.

*

மாஸ்டர் வீடு இருந்த மூன்றாவது மாடிக்கு ஏறும்போதே சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் மோதும் சத்தம். பிறகு படிகளில் ஒரு ஸ்பேனர் தடதடவென்று உருண்டு வந்து மட்கார்டின் செருப்பில் மோதி நின்றது.

“வரவேற்பு பலமா இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டான்.

வாசலில் ஒரு கருவிப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மாஸ்டரின் தம்பி. மேல்மாடியில் தனியாகக் குடியிருப்பவன். லிஃப்ட் மெக்கானிக். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். இடது கன்னத்தில் நாலு விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“எட்டு வருஷம்!” கதவுக்குள்ளிருந்து கட்சிக்காரியின் குரல் வந்தது. கடையிலிருந்து பாதி நாளில் ஓடி வந்திருக்கிறாள், தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. “என் கையால சாப்பிட்டுட்டு, தபாலைப் பிரிச்சுப் படிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ‘அண்ணி, தபால்’னு நீட்டினியே. உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“அண்ணி, நான் எதையும் பிரிக்கல.”

“பேசாதே.”

“மேடம் கேட்டாங்கன்னு ‘தம்பிதான் எடுத்துட்டு வருவான்’னு சொன்னீங்க. அதுக்காக நான்தான் எழுதினேன்னு ஆயிடுமா?” அவன் எழுந்து உள்ளே பார்த்தான். “அண்ணா. நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்.”

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அந்த நீளமான மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வாரப் பத்திரிகை. கையில் பென்சில். தம்பியின் கன்னத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“எனக்கு என்னப்பா தெரியும்? நான் இந்த ஜன்னலை விட்டா வேற எதைப் பாக்கறேன்?”

தம்பியின் முகம் அப்படியே விழுந்தது. அறை வாங்கியபோதுகூட அவன் அவ்வளவு வாடியிருக்க மாட்டான்.

முத்திரையம்மா உள்ளே வந்து, கேட்காமலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தப்பு என்மேல, அம்மா. தபால் யார் எடுத்துட்டு வர்றாங்கன்னு கேட்டேன். யார் எழுதினாங்கன்னு கேக்கல. தம்பி, நீங்க காலையில எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்க?”

“ஆறரைக்கு. பைக்குல.”

“ரயில் நிலையம் பக்கமா?”

“இல்ல, நேர் எதிர்ப் பக்கம். துறைமுகத்துக் கட்டடங்கள் எல்லாம் என் பொறுப்பு.”

“லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் இருக்கற கட்டடத்துல லிஃப்ட்டே இல்ல” என்றான் மட்கார்டு, ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தபடி. யாரும் சிரிக்கவில்லை.

“கம்பெனிக் கடிதம் வந்தா முதல்ல யார் பிரிப்பாங்க?” என்று அவளைக் கேட்டார் முத்திரையம்மா.

“நான்தான். பிரிச்சு இவருக்கு வாசிச்சுக் காட்டுவேன்.” கணவரைப் பார்க்காமலே தலையால் காட்டினாள். எட்டு வருஷமாக அவரிடம் நேரே பேசியதில்லை என்பது அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது. அவரைப் பற்றித்தான் பேசுவாள், அவரிடம் அல்ல.

“குறுக்கெழுத்தா?” முத்திரையம்மா மாஸ்டரின் மடியை எட்டிப் பார்த்தார்.

“பொழுது போகணுமே” என்றார் அவர்.

“கஷ்டமா இருக்குமோ?”

“பழகிட்டா ஒண்ணுமில்ல.”

“பரிசு வந்திருக்கா?”

“எங்க. அனுப்பறதோட சரி.”

“எப்பவாவதுதான் அனுப்புவாரு” என்றாள் அவள், சலிப்போடு. “முழுசா முடிச்சாத்தான் அனுப்புவேன்பாரு. வருஷத்துக்கு ஒரு தடவை கவரை ஒட்டிக் குடுப்பாரு. நான் ரயில் ஏறும்போது போட்டுடுவேன். மேடம், எனக்கு இருக்கற எரிச்சல்ல இவரோட குறுக்கெழுத்தைப் பத்தியா…”

பேச்சு நின்றது. அவள் எதையும் புரிந்துகொண்டு நிறுத்தவில்லை. அறையில் மற்ற நான்கு பேரும் அசையாமல் இருந்ததைப் பார்த்து நிறுத்தினாள்.

முத்திரையம்மா எழுந்தார். ஜன்னலுக்குக் கீழே பழைய பத்திரிகைகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. மேலிருந்து ஒன்றை எடுத்தார். நடுவிலிருந்து ஒன்று. அடியிலிருந்து ஒன்று. மட்கார்டிடம் நீட்டினார்.

“கடைசிப் பக்கத்தைப் பாருடா. முழுசா முடிச்சிருக்கா?”

“முடிச்சிருக்கு மேடம்.”

“இது?”

“இதுவும். எல்லாமே முடிச்சிருக்கு. ஒரு கட்டம் காலி இல்ல, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. சார் பெரிய ஆள்.”

“வாராவாரம் முடிக்கறவரு வருஷத்துக்கு ஒண்ணுதான் அனுப்பறாரு. சரி, அவர் இஷ்டம். கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? வாசி.”

மட்கார்டு வாசித்தான். “‘விடைகளை இப்பக்கத்திலேயே நிரப்பி, கட்டத்தையும் கூப்பனையும் வெட்டி அனுப்பவும். தனித்தாளில் எழுதிய விடைகள் ஏற்கப்பட மாட்டா. தபால் பெட்டி எண் பதினான்கு.’” அடுக்கை விறுவிறுவென்று புரட்டினான். கடைசிப் பக்கங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்துகொண்டே இருந்தன. அவன் குரல் இறங்கிவிட்டது. “மேடம். ஒரு கூப்பன்கூட வெட்டல.”

“அப்ப அந்தக் கவருக்குள்ள எது போச்சு?”

மட்கார்டு ஏழு நகல்களையும் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தான். கட்டங்களுக்குள் இருந்த எழுத்தும், கட்டமே இல்லாத தாளில் கட்டத்துக்குள் நிற்பது போல நின்ற எழுத்தும் ஒரே அளவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் அருகில் வந்து பார்த்தாள். நாள் முழுக்க ஃப்ரேமும் லென்ஸும் பார்க்கும் கண். மயிரிழை வித்தியாசத்தை அளக்கிற கண். அதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

“நான்” என்றாள். “நான்தான் போட்டிருக்கேன். ஏழையும் என் கையால.”

தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

மாஸ்டர் பென்சிலைப் பத்திரிகைக்குள் வைத்து மூடினார். வகுப்பு முடிந்ததும் சாவியை வாங்கிக்கொள்கிற வாத்தியார் மாதிரி நிதானமாக இருந்தார்.

“பத்திரிகைக்குப் பதினாலு. நான் எழுதினது நாற்பது” என்றார். “கொட்டை எழுத்துல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கவரைத் திருப்பிப் பாத்திருந்தா முதல் கடிதத்தோட எல்லாம் முடிஞ்சிருக்கும். நீ பாக்கல. நான் குடுக்கற எதையும் நீ பாக்கறதில்ல. பாக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உன் கையிலயே குடுத்தேன்.”

“ஏன்?” என்று கேட்டது தம்பி.

“கிளெய்ம் முடிஞ்சா போயிடுவேன்னா. முடியாம பாத்துக்கிட்டேன்.”

“உன் தம்பி கன்னத்தைப் பாரு அண்ணா. பார்த்துட்டுத்தானே ‘எனக்கு என்ன தெரியும்’னே?”

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அழுவாள் என்று மட்கார்டு எதிர்பார்த்தான். கையைக்கூட அவன் தயாராக வைத்திருந்தான், விழுந்தால் பிடிக்க. அவள் விழவில்லை. தோள்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“இதை நீங்க கம்பெனியில சொன்னா என்ன ஆகும் மேடம்?”

“சம்பந்தப்பட்டவரே பொய்த் தகவல் குடுத்திருக்கார். கோரிக்கையே செல்லாதுன்னுடுவாங்க. அந்தச் சிரிப்புக்காரர் அன்னிக்குத்தான் நிஜமாவே சிரிப்பார்.”

“சொல்லாம விட்டா?”

“ஏழாவது கடிதத்த விசாரிக்க ஒரு வருஷம். எட்டாவது வராதுன்னா, அப்புறம் பணம் வரலாம்.”

“எழுத மாட்டேன்” என்றார் மாஸ்டர் உடனே. “சத்தியமா எழுத மாட்டேன். ஒரு வருஷம்தான். அந்தப் பணம் வந்தா எனக்கு ஒரு ஆள் போட்டுட்டு நீ போ. நான் தடுக்கல.”

அவள் பையிலிருந்து கடையின் பில் புத்தகத்தை எடுத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்த ஒரு தாளைக் கிழித்தாள். நின்றபடியே எழுதினாள். நாலு வரிதான். கோப்பு எண்ணை அவள் எதையும் பார்த்து எழுதவில்லை. பதினொரு இலக்கம், மனப்பாடம்.

எழுதியதை முத்திரையம்மாவிடம் நீட்டினாள். கோரிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், இனி எந்த உரிமையும் கேட்பதில்லை என்றும் இருந்தது. கார் அவள் பெயரில். கோரிக்கையும் அவள் பெயரில். அவள் கையெழுத்து ஒன்றே போதும்.

“முடிஞ்சதும் போறேன்னு சொன்னேன்” என்றாள். “எப்படி முடியணும்னு நான் சொல்லல.”

“அம்மா, ஒரு நாள் யோசிச்சுட்டு…” என்று தொடங்கினார் முத்திரையம்மா.

“எட்டு வருஷம் யோசிச்சிருக்கேன்.”

சக்கர நாற்காலி முன்னால் வந்தது. மேஜைக்காலில் இடித்து நின்றது. “அது என் சோறு. உனக்குப் புரியுதா? அந்தப் பணம் இல்லன்னா என்னைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் கிடையாது. கிழிச்சுப் போடு அதை. ஏம்மா… ஏம்மா, இங்க பாரு.”

அவள் உள்ளறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு நிமிஷத்தில் ஒரு பெட்டியோடு வந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்து வைத்த துணிகள்தானோ என்னவோ, அடுக்குவதற்கு நேரமே ஆகவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். கெஞ்சல் முகத்திலிருந்து வழிந்து போய்விட்டது. அடியில் இருந்தது வெளியே வந்தது.

“போறவ ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டுப் போ” என்றார். “ஆறு கடிதம்தான் பொய். முதல் கடிதம் பொய் இல்ல. அன்னிக்கு வண்டி ஓட்டினது அவதான். நான் பக்கத்து சீட்டுல இருந்தேன். புரியுதா? அந்தப் பணம் நமக்கு வர வேண்டிய பணமே இல்ல. வராத ஒண்ணுக்காக நீ எட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்க. உண்மையை எழுதி அனுப்பினேன், அந்த முட்டாளுங்க நம்பல. அதுக்கப்புறம்தான் பொய் எழுத ஆரம்பிச்சேன்.”

முத்திரையம்மாவின் கை கண்ணாடிக்குப் போனது. “சீட்டு பின்னால தள்ளியிருந்துச்சே. போட்டோ இருக்கு. நான் பார்த்தேன்.”

“அது எப்படின்னு எனக்கும் இன்னிவரைக்கும் புரியல” என்றார் மாஸ்டர்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். திரும்பினாள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்து, அவரிடமே பேசினாள்.

“தெரியும்.”

பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

“அன்னிக்குச் சாயந்தரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா ஒர்க் ஷாப்புக்குப் போனேன். டிரைவர் சீட்டு ஸ்டியரிங்கை இடிக்கிற மாதிரி முன்னால இருந்துச்சு. நீங்க கால நீட்டினா நம்ம கட்டிலே பத்தாது. அவதான் ஓட்டியிருக்கான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அவ வாசனைகூட இருந்துச்சு அந்த சீட்டுல. அவ தலைமயிர் ஒண்ணு தலைச்சாய்வுல ஒட்டியிருந்துச்சு. அதை எடுத்துப் போட்டேன். சீட்டைப் பின்னால தள்ளினேன். மறுநாள் காலையிலதான் சர்வேயர் வந்தாரு. ‘என் கணவர்தான் ஓட்டினார்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள யாராவது திருப்பிப் படுக்க வைக்கணுமேன்னு.”

மாஸ்டரின் கை சக்கரத்தைப் பிடித்தது.

“நீங்க எழுதின உண்மையை யாரும் நம்பாததுக்கு நான்தான் காரணம்” என்றாள். “அவங்களை முட்டாள்னு திட்டாதீங்க.”

பெட்டியின் கைப்பிடியை அவள் எடுப்பதற்குள் தம்பி எடுத்துக்கொண்டான்.

“குடுங்க அண்ணி. படி செங்குத்து.”

“கன்னம்…” என்றாள் அவள். கையை அவன் முகத்தருகே கொண்டுபோய், தொடாமல் இறக்கினாள். “மன்னிச்சுடுப்பா.”

“போகட்டும் அண்ணி.”

அவள் முன்னால் இறங்கினாள். செருப்புச் சத்தம் இரண்டாவது மாடி தாண்டி, முதல் மாடி தாண்டிப் போனது. எங்கேயும் நிற்கவில்லை.

முத்திரையம்மா அந்தத் தாளை நான்காக மடித்தார். ஐம்பது கேஸில் அவர் கண்டுபிடித்ததெல்லாம் கைதட்டல் வாங்கியிருக்கிறது. இந்த அறையில் அவர் கண்டுபிடித்தது பாதிதான், மீதியைக் கட்சிக்காரியே வைத்திருந்தாள். அதைவிட, ஒரு தொலைபேசிக் கேள்வியால் ஒருவன் கன்னத்தில் நாலு விரலைப் பதிய வைத்ததும் அவர்தான். மட்கார்டைப் பார்த்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கிளம்பலாம்டா.”

“ம்.”

வாசலில் தம்பி பெட்டியோடு ஒரு படி இறங்கியிருந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பிலிருந்து வருகிற குரல் மாதிரியே இல்லை.

“டேய். நீயும் போறியா?”

தம்பி திரும்பவில்லை.

“பெட்டியை ரயில்ல ஏத்திட்டு வருவேன். மூணு வேளையும் சோறு கொண்டு வருவேன். காலையிலயும் ராத்திரியும் திருப்பிப் படுக்க வைப்பேன்.” பெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான். “ஆனா உன்கிட்ட பேச மாட்டேன். சாகற வரைக்கும்.”

இறங்கிப் போனான். முத்திரையம்மா கதவைச் சாத்தலாமா, திறந்து வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். உள்ளே இருப்பவரால் இரண்டையும் எளிதில் செய்துகொள்ள முடியாது என்பது நினைவுக்கு வந்தது. கேட்டார்.

“கதவு?”

சக்கர நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியது.

திறந்தே வைத்துவிட்டு இறங்கினார்.